டெல்டா சாலைக்கு எந்த ஃபிக்ஸி?

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போனால், சுமார் 80 கிலோமீட்டரில் அந்த உயரம் முழுவதும் இறங்கிக் கடலில் முடிந்துவிடும். இறங்கினோம் என்பதே காலுக்குத் தெரியாது. ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தான். கியர் மாற்ற வேண்டிய தேவையே அநேகமாக இல்லாத நிலம். முன்னால் ஒரு செயின்வீல், பின்னால் ஸ்ப்ராக்கெட் என்ற ஒரு பல்சக்கரம், நடுவில் ஒரு செயின் என்று ஓடும் ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்கு, அதாவது ஃபிக்ஸிக்கு, இதைவிடப் பொருத்தமான பகுதி தமிழ்நாட்டில் இல்லை என்று நம்புகிறேன்.

நிலம் பொருந்துகிறது. சாலையும் அதன் மேல் நடப்பவையும்தான் பொருந்தவில்லை. ஃபிக்ஸி பிறந்தது வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய வட்ட டிராக்கில். சர்வதேசப் போட்டி என்றால் 250 மீட்டர் மரத்தளம், வளைவில் 42 டிகிரிக்கும் மேல் சாய்வு, எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுவார்கள், யார் சைக்கிளிலும் பிரேக் இருக்காது. பின் ஸ்ப்ராக்கெட், ஹப் என்ற சக்கரத்தின் நடுக்குடத்தோடு இறுகியிருப்பதால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலை நிறுத்தி உருளவிட முடியாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். இந்தச் சைக்கிளைக் கும்பகோணத்துச் சந்நிதித் தெருவிலும், மன்னார்குடி சாலையில் தனியார் பஸ்ஸுக்குப் பக்கத்திலும், வெண்ணாற்றங்கரையின் பெயர்ந்த தாரிலும் ஓட்டப் போகிறோம். ஆகவே வெலோட்ரோம்காரர்களின் ரசனையில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் ஃபிரேமை எடைபோட மூன்று கேள்வி போதும். எவ்வளவு அகலமான டயர் நுழையும்? மெதுவாகத் திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்குமா? முன் பிரேக் மாட்ட ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில்) துளை இருக்கிறதா? ஸ்டீலா அலுமினியமா, ஜப்பானா தைவானா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஜப்பானியக் கெய்ரின் ஃபிரேம்

ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கெய்ரின் 1948-ல் ஜப்பானின் கொக்குராவில் தொடங்கியது. மக்கள் பணம் கட்டி முடிவுக்குக் காத்திருக்கும் சைக்கிள் பந்தயம் அது. பணம் புரளும் இடத்தில் ஓட்டுபவரின் காலும் தந்திரமும்தான் வெற்றியைத் தீர்மானிக்க வேண்டும், சைக்கிள் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக ஃபிரேம், ஹப், பெடல், செயின் என்று ஒவ்வொன்றுக்கும் அங்கீகார முத்திரை வைத்தார்கள். ரசிகர்கள் வாயில் அடிபடும் 'என்.ஜே.எஸ்.' என்பது அந்த முத்திரைதான். கார்பன் உலகெங்கும் பரவிய பிறகும் அங்கே ஆண்களின் வழக்கமான பந்தயங்கள் மெல்லிய ஸ்டீல் குழாயில்தான் நடக்கின்றன. குழாய்களை லக் என்ற இணைப்பு உறைக்குள் செருகிப் பற்றவைத்து, ஓட்டுபவரின் உடலளவுக்குச் செய்கிறார்கள்.

நாகசாவா, மகினோ, காலவிங்கா, த்ரீ ரென்ஷோ ஆகிய பெயர்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. கோயிச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள் ஸ்பிரிண்டில் உலகப் பட்டம் வென்றார். அவருக்கு ஃபிரேம் செய்துகொடுத்தவர் நாகசாவா. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த நாகசுரத்தை ஊதிப் பார்த்தே இன்னார் கைவேலை என்று வித்வான் சொல்வதுபோல, லக்கின் முனையை அரம் போட்டு ராவியிருக்கும் விதத்தைப் பார்த்தே செய்தவர் யாரென்று சொல்லிவிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த ரசனையை நான் மதிக்கிறேன். ஒரு பொருளை இவ்வளவு கவனித்துப் பார்ப்பதே பெரிய விஷயம்.

கூடவே வரும் உதிரிபாகங்களும் அப்படித்தான். சுஜினோ 75 கிராங்க் (பெடல் மாட்டும் கை), நிட்டோ பி123 ஹேண்டில்பார், எம்.கே.எஸ். பெடல், இசுமி செயின், ஷிமானோ டியூரா-ஏஸ் டிராக் ஹப். இந்த ஹப் நமக்கு இன்னொரு வகையிலும் ஒத்துவரும். உள்ளே இருப்பது தனித்தனிப் பால்ரஸும் கோனும். ஓவராயில் பண்ணத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டிவிடுவார். கார்ட்ரிட்ஜ் பேரிங் ஹப் போனால் அதே அளவு பேரிங்கைத் தேடி அலைய வேண்டும்.

சிக்கல் ஃபிரேமில் இருக்கிறது. அதில் 23 மி.மீ. டயர் வசதியாக நுழையும், 25 இடித்துக்கொண்டு நுழையும், அதற்கு மேல் கிடையாது. பந்தயத்தில் அவர்கள் ஓட்டுவது ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயர். நம் வாய்க்கால் கரைகளில் சீமைக் கருவேல முள் கிடக்காத இடம் உண்டா? டியூபுலரில் முள் ஏறினால் தையலைப் பிரித்து டியூபை ஒட்டி மறுபடி தைக்க வேண்டும். பாபநாசத்திலோ வலங்கைமானிலோ எந்தப் பஞ்சர் கடையில் அதைச் செய்வார்கள்? ரிம்மை மாற்றிச் சாதாரண டயர் போட்டுக்கொள்ளலாம் என்றாலும் 23 மி.மீ. 23 மி.மீ.தான். வெள்ளைக்கோடு இல்லாத ஊராட்சி வேகத்தடையில் காலை நிறுத்தவும் முடியாமல், இருக்கையிலிருந்து எழுந்து பெடல் சுற்றிக்கொண்டே ஏறி இறங்கும்போது அந்த டயரில் காற்று எவ்வளவு இருந்தாலும் ரிம் அடிவாங்கும்.

இரண்டாவது, கால்விரல். டிராக் ஃபிரேமின் தலைக்குழாய் செங்குத்தாக நிற்கும், ஃபோர்க்கின் வளைவும் குறைவு. முன்சக்கரம் ஓட்டுபவரின் காலுக்கு மிக அருகில் இருக்கும். வேகமாகப் போகும்போது ஹேண்டில்பார் ஒரு விரற்கடைகூடத் திரும்பாது, அதனால் வெலோட்ரோமில் இது ஒரு குறையே அல்ல. மகாமகக் குளத்துக் கரையில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நடை வேகத்தில் வளைத்துத் திருப்பும்போதுதான் தெரியும். சாதாரணச் சைக்கிளில் பெடலை நிறுத்திக் காலை விலக்கிக்கொள்ளலாம். ஃபிக்ஸியில் பெடல் நிற்காது, கால் சக்கரத்துக்குள் போய் இடிக்கும். உயரம் குறைந்தவர்களின் சின்ன ஃபிரேமில் இது இன்னும் அதிகம். அங்காடிக் கூட்டத்தில் இரண்டு முறை விழுந்தால் எவ்வளவு அழகான ஃபிரேமும் பரணுக்குப் போய்விடும்.

மூன்றாவது, பிரேக். பல கெய்ரின் ஃபோர்க்குகளில் துளையே இருக்காது. கவ்விக்கொள்ளும் அடாப்டர் விற்கிறார்கள். ஆனால் மெல்லிய ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடித்து அதில் பிரேக் சுமையை ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. அங்கீகரிக்கப்பட்ட ஃபோர்க்கில் துளை போட்டால் ரசிகர்கள் மனம் உடையும், குழாயும் பலவீனப்படும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவருக்கு அதுதான் வேண்டும் என்றால் வாங்கலாம். அதிகாலையில் நல்ல தார் ரோட்டில் மட்டும் ஓட்டுபவருக்கு அது தரும் அனுபவம் வேறெதிலும் வராது. வாங்கும்போது தலைக்குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் சுருக்கம் தட்டுப்பட்டால் அது முன்னால் மோதிய ஃபிரேம். இருக்கைக்குழாய்க்குள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டை வாங்கும் முன், அதன் அடி வளையம் (கிரவுன் ரேஸ்) ஃபோர்க்கில் அமரும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். ஜப்பானிய அளவு 27.0 மி.மீ., மற்றவை பெரும்பாலும் 26.4 மி.மீ. இந்த அரை மி.மீ. சொச்சம் தெரியாமல் வாங்கிய ஹெட்செட் ஃபோர்க்கில் உட்காராது.

அலுமினிய டிராக் ஃபிரேம்

பருத்த குழாய், கூர்மையான கோணம், தீட்டிய பெயின்ட். படத்தில் பார்த்ததும் கண்ணைப் பிடிப்பது இதுதான். அலுமினியத்தின் விறைப்புத் திறன் ஸ்டீலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் குழாயைப் பருமனாக்கி விறைப்பை ஈடுசெய்கிறார்கள். நின்று மிதித்தால் ஃபிரேம் வளையாமல் மொத்த விசையும் செயினுக்குப் போகும். கேனன்டேல் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட டிராக் ஃபிரேம் இன்றும் சேகரிப்பாளர்களிடம் தேடப்படுகிறது. அதன் பிறகு வந்த சினெல்லி விகொரெல்லி, டோலன் ப்ரீ கர்சா ஆகியவற்றுக்கும் ரசிகர் கூட்டம் பெரிது.

வெலோட்ரோமில் போட்டியிட வேண்டும் என்ற கனவு இருந்தால் இதை வாங்குங்கள், தயங்காதீர்கள். டெல்டாவில் வெலோட்ரோம் இல்லை. ஆனால் டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் மரத்தளம் இருக்கிறது. 2022-ல் அங்கே நடந்த ஆசிய டிராக் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ சிங் ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றார். கும்பகோணத்திலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ ஒரு பிள்ளை அந்தத் தளத்தில் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பிள்ளைக்கு அலுமினியம் சரி.

மற்றவர்களுக்கு? டயர் இடம் இதிலும் பெரும்பாலும் 25 மி.மீ. சுற்றளவில்தான். விரல் இடிப்பதும் அப்படியே. கூடுதலாக, அலுமினியம் உலோகச் சோர்வுக்கு ஆளாகும். விரிசல் விட்டால் அதைச் சரியாகப் பற்றவைத்து வெப்பப் பதம் கொடுக்கும் வசதியைப் பக்கத்தில் தேட முடியாது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதில் முடுக்கிய ஸ்டீல் போல்ட்டும், செருகிய சீட்போஸ்ட்டும் கிரீஸ் இல்லாமல் விட்டால் ஃபிரேமோடு பிடித்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் சீட்போஸ்ட்டை உருவித் துடைத்துக் கிரீஸ் போட்டு மாட்டுவது நல்லது.

ஸ்டீல் என்றால் மெதுவானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். எடி மெர்க்ஸ் 1972-ல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அந்தச் சைக்கிள் கொல்நாகோ செய்த ஸ்டீல் சைக்கிள், மொத்த எடை ஆறு கிலோவுக்கும் கீழே.

தெருவுக்கென்று செய்த ஸ்டீல் ஃபிரேம்

இதைப் பற்றிச் சொல்லப் புராணமோ பட்டமோ இல்லை. இருந்தும் எனக்குப் பிடித்தது இதுதான். ஃபிக்ஸியைத் தினசரி ஓட்டுபவர்களுக்காகவே சில நிறுவனங்கள் குரோமோலி என்ற கலப்பு ஸ்டீலில் இந்த வகையைச் செய்தன. சர்லி ஸ்டீம்ரோலர் நல்ல உதாரணம். அதில் 38 மி.மீ. வரை டயர் நுழையும், முன்னும் பின்னும் பிரேக் துளை உண்டு. பின் அச்சு அமரும் பிளவு டிராக் சைக்கிளில் இருப்பதுபோலப் பின்னோக்கித் திறந்திருப்பதால், சக்கரத்தை இழுத்துச் செயினை இறுக்கிக்கொள்ளலாம். இந்தியக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் 'சிங்கிள் ஸ்பீடு' சைக்கிள்களில் சிலவும் இதே யோசனையில் செய்யப்பட்டவைதான். அவற்றை வாங்கும்போது பின் ஹப்பின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் ஃப்ரீவீல் (மிதிக்காமல் உருளவிடும் பல்சக்கரம்) ஏறும் மறையும் (திருகுப் புரியும்), மறுபக்கம் படி வைத்த இரட்டை மறையும் இருந்தால் சக்கரத்தைத் திருப்பிப் போட்டே ஃபிக்ஸியாக்கலாம்.

32 மி.மீ. டயரைப் போட்டு, காற்றை அளவாக வைத்து ஓட்டிப் பாருங்கள். ஃபிரேம் ஸ்டீலா அலுமினியமா என்பதால் உடம்புக்கு வரும் வித்தியாசத்தைவிட 23-க்கும் 32-க்கும் இடையில் வரும் வித்தியாசம் பெரிது. அறுவடைக் காலத்தில் மெஷின் வயலிலிருந்து ஏறிய இடமெல்லாம் சேறு காய்ந்து கட்டி கட்டியாகக் கிடக்கும். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருப்பார்கள், நாம் ஓரத்து மண்ணில்தான் இறங்க வேண்டும். கல்லணைக் கால்வாய்க் கரையில் தார் முடிந்து செம்மண் தொடங்கும். இந்த இடங்களில் எல்லாம் அகல டயர் ஃபிக்ஸி சும்மா போய்க்கொண்டிருக்கும். முன்சக்கரம் சற்று முன்தள்ளி இருப்பதால் விரல் இடிப்பதும் குறைவு, பெரிய அளவு ஃபிரேமில் அநேகமாக இருக்காது.

துரு ஒன்றுதான் பகை. புது ஃபிரேமை மாட்டுவதற்கு முன் குழாய்களுக்குள் எண்ணெய் விட்டு நாலா பக்கமும் சாய்த்து ஓடவிடுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் (கிராங்க் அச்சு அமரும் குழாயின்) அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருந்தால் அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். ஸ்டீலில் ஒரு இணைப்பு விட்டுப்போனால் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த கை நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

நம்ம ஊர் 28 இன்ச் சைக்கிளை மாற்றுவது

குரங்கு பெடல் போட்டுப் பழகிய அட்லஸ், ஹீரோ, ஹெர்குலிஸ், ராலே. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தந்தவை. வீட்டுத் திண்ணையில் தாத்தாவின் சைக்கிள் சும்மா சாய்ந்து நிற்கிறது, அதை ஃபிக்ஸியாக்கினால் என்ன என்ற கேள்வி பலருக்கு வருகிறது. நல்ல கேள்வி. அந்த ஃபிரேமுக்கு என் மூன்று கேள்வியில் இரண்டுக்கு முழு மதிப்பெண். டயர் இடம் தாராளம். ஃபோர்க் நீண்டு வளைந்திருப்பதால் விரல் சக்கரத்தின் பக்கமே போகாது. பின் அச்சுப் பிளவும் பின்னோக்கித் திறந்து, செயினை இழுத்துவிடும் போல்ட்டோடு வரும். டெரெயிலர் (செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் கியர் கருவி) வைத்த இன்றைய ரோடு சைக்கிள்களில் பிளவு பெரும்பாலும் செங்குத்தாக இருப்பதால் செயினை இறுக்க வழியில்லை. அப்படிப்பட்ட ஃபிரேம்களை மாற்ற முயல வேண்டாம் என்பேன்.

சிக்கல் சக்கரத்தில் வருகிறது. நம் சைக்கிளின் பின் ரிம்மில் 40 துளை, முன் ரிம்மில் 32. டிராக் ஹப் பெரும்பாலும் 32 அல்லது 36 துளையில்தான் கிடைக்கும். ஆகவே பழைய பின் ரிம்மில் நல்ல டிராக் ஹப்பைக் கோக்க முடியாது. இதற்குச் சுலப வழி என்று பையன்கள் செய்வது, ஃப்ரீவீலுக்கு வெல்டு வைத்து அதையே ஸ்ப்ராக்கெட்டாக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃப்ரீவீல் ஹப்பில் ஒரே மறைதான் இருக்கும். முன்னால் மிதிக்கும்போது இறுகும், வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி அழுத்தினால் கழலும். மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவர், ஃபிக்ஸி என்ற பெயரைக்கூடக் கேட்டிராத மெக்கானிக், வெல்டு வைத்த சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனே கேட்டார்: "ஏன் தம்பி, பின்னாடி மிதிச்சா கழண்டுக்குமே. இதுக்கு லாக்கு எங்க?"

அந்த லாக்குதான் டிராக் ஹப்பின் உயிர். அதில் இரண்டு மறை, ஒன்றைவிட ஒன்று சற்றுச் சிறியது. உள்மறை வழக்கமான வலது மறை, அதில் ஸ்ப்ராக்கெட் ஏறும். வெளிமறை இடது மறை, அதில் லாக்ரிங் ஏறும். ஸ்ப்ராக்கெட் கழல முயன்றால் லாக்ரிங்கை இறுக்கும் திசையில்தான் அது தள்ளும். சின்ன யோசனைதான், ஆனால் உயிர் அதில்தான் தொங்குகிறது.

ஆகவே மாற்றுவதென்றால் இரண்டு சக்கரமும் 700சி அளவில் புதிதாகக் கட்டுங்கள். பழைய ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மி.மீ., 700சி-யில் 622 மி.மீ. 38 மி.மீ. டயர் போட்டால் சைக்கிள் மொத்தம் 7, 8 மி.மீ.தான் தாழும், பெடல் தரையில் தட்டும் பயம் பெரிதாக இருக்காது. 25 மி.மீ. டயரைப் போட்டால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தாழும். வளைவில் பெடலை மேலே நிறுத்த முடியாத ஃபிக்ஸியில் அது ஆபத்து. கம்பி பிரேக் புது ரிம்முக்கு எட்டாது, நீளக் கை வைத்த காலிப்பர் பிரேக் வேண்டும். பின் ஃபிரேமின் இடைவெளி 120 மி.மீ. ஹப்புக்குப் போதாவிட்டால் ஸ்டீலைச் சற்று விரித்துக்கொடுக்கலாம், அதை அனுபவமுள்ள கை செய்ய வேண்டும்.

காட்டர் பின் (கிராங்க்கை அச்சோடு இறுக்கும் முளை) வைத்த கிராங்க்கையும் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் மாறி மாறி அழுத்தும்போது மெல்லிரும்புக் காட்டர் தேய்ந்து கிராங்க் ஆடும். டக் டக் என்ற சத்தம் வந்த நாளே மாற்றிவிடுங்கள், அல்லது தொடக்கத்திலேயே காட்டர் இல்லாத சதுர அச்சுக்கு மாறுங்கள். பாட்டம் பிராக்கெட் மறையை அளக்காமல் மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

எல்லாம் சேர்ந்து செலவு குறைவாக வராது. ஒரு சாதாரணப் புது சிங்கிள் ஸ்பீடு விலையைத் தொட்டுவிடும். எடையும் அதிகம், நிமிர்ந்த உட்காரும் நிலை ஆடிக்காற்றில் பாய் விரித்த மாதிரிக் காற்றை வாங்கும். இருந்தாலும் தாத்தாவின் ஃபிரேம் மறுபடி ரோட்டில் ஓடுவதைப் பணக் கணக்கில் போட முடியாது. அந்தக் காரணத்துக்காக மட்டும் செய்யுங்கள், சிக்கனம் என்று நினைத்துச் செய்யாதீர்கள்.

பல் கணக்கும் மற்றவையும்

நமக்கு மலை இல்லை, காற்று இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று திருச்சியைத் தாண்டித் தஞ்சாவூர்ச் சமவெளியில் தடையில்லாமல் வீசும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பறந்து போய்விடலாம், திரும்பி வரும்போதுதான் தெரியும். அந்த மாதங்களில் காலையில் மேற்கே கிளம்பி, வரும்போது காற்றை முதுகில் வாங்குங்கள்.

வெலோட்ரோம் ஸ்பிரிண்டர்கள் இப்போது முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் 4-க்கும் மேல் வரும் கியர் போடுகிறார்கள். அதைப் பார்த்து 50, 14 என்று இங்கே போட்டால் முழங்கால் போய்விடும். முன்னால் 46, பின்னால் 17 அல்லது 18 நமக்குச் சரியான அளவு. 46-க்கு 18 போட்டு, 28 மி.மீ. டயரோடு நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 26 கிலோமீட்டர் வரும். 17 போட்டால் 28-ஐ நெருங்கும். முதல் வருடம் 18-ல் ஓட்டுங்கள்.

சக்கரத்தை நிறுத்தி வழுக்கிப் போகும் 'ஸ்கிட்' பழகுபவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஒரே காலை முன்வைத்து ஸ்கிட் செய்தால், முன்பல்லையும் பின்பல்லையும் பொது எண்ணால் சுருக்கியபின் பின்பல்லுக்கு என்ன மிஞ்சுகிறதோ, டயரில் அத்தனை இடத்தில் தேய்மானம் விழும். 48-க்கு 16 என்றால் 3-க்கு 1. ஒவ்வொரு முறையும் ஒரே இடம்தான் தேயும், டயர் சீக்கிரம் ஓட்டையாகும். 46-க்கு 17 என்றால் சுருங்காது, 17 இடம். 46-க்கு 18 என்றால் 9 இடம். கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பதற்குள் இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

செயின் எட்டில் ஒரு இன்ச் அகலமே இருக்கட்டும். பந்தய டிராக் சைக்கிளிலும் அதே அகலம், நம்ம ஊர் 28 இன்ச் சைக்கிளிலும் அதே அகலம். திருத்துறைப்பூண்டியில் செயின் அறுந்தாலும் பக்கத்துக் கடையில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். செயினை நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு ஆட வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் கழன்றுவிடும். செயின் கழன்ற ஃபிக்ஸியில் கால் வழி வரும் நிறுத்தும் சக்தி மொத்தமும் போய்விடும். முன் பிரேக் கட்டாயம் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். பிரேக் இல்லாத சைக்கிள்தான் சுத்தமான ஃபிக்ஸி என்ற ரசனை வெலோட்ரோமுக்குள் நியாயமானது. எதிரில் பஸ் வரும் ரோட்டில் அதற்கு இடமில்லை.

பெடலில் கால் கழலாமல் இருக்கப் பிடிப்பு வேண்டும். கெய்ரின் பாணி உலோகக் கூண்டும் தோல் வாரும் பார்க்க அழகு, ஷூ போட்டால் மட்டும் சரிப்படும். செருப்போடு ஓட்டுபவர்களுக்கு அகலப் பட்டை வாரும், பின்னால் வார் வைத்த செருப்பும் ஒத்துவரும். வேட்டி, துப்பட்டா, புடவைத் தலைப்பு எதுவும் செயின் பக்கம் தொங்கக் கூடாது. சாதாரணச் சைக்கிளில் துணி சிக்கினால் மிதிப்பதை நிறுத்திவிடலாம், இதில் சக்கரம் நிற்கும்வரை செயின் துணியை இழுத்துக்கொண்டே போகும்.

ஹேண்டில்பாருக்குக் கீழ்வளைந்த டிராப் நல்லது. ஆடிக்காற்றில் குனிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. ஆழமான ரிம்மும் ஐந்து ஆரம் வைத்த ஏரோஸ்போக் சக்கரமும் படத்துக்கு எடுப்பாக இருக்கும். கொள்ளிடம் பாலத்தின் மேல் பக்கக்காற்று பிடித்துத் தள்ளும்போது அவை வேண்டாம். வால்ட்யூப் மெல்லிய பிரெஸ்டா வகையாக இருந்தால் ஒரு சின்னப் பித்தளை அடாப்டரைப் பையில் வைத்திருங்கள், பெட்ரோல் பங்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது

காலேஜுக்கும் டியூஷனுக்கும் ஓட்டப்போகிற பிள்ளைக்கு, இரண்டு பக்கமும் மறை உள்ள ஹப்போடு வரும் ஸ்டீல் சிங்கிள் ஸ்பீடு. ஒரு பக்கம் ஃப்ரீவீல் அப்படியே இருக்கட்டும், கூட்டத்தில் ஓட்டும் நாளில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து பூம்புகார், கோடியக்கரை என்று நெடுந்தூரம் போக நினைப்பவர்களுக்கு 32 மி.மீ.க்கு மேல் டயர் ஏற்கும் தெரு ஸ்டீல் ஃபிரேம். எனக்கு ஒன்றுதான் என்றால் நானும் இதைத்தான் எடுப்பேன். வெலோட்ரோம் கனவுள்ளவர்களுக்கு அலுமினியம். கையில் ஏற்கெனவே ஒரு நல்ல சைக்கிள் இருந்து, விடியற்காலை நல்ல ரோடும் இருப்பவர்களுக்குக் கெய்ரின்.

எதை எடுத்தாலும் பணத்தை முதலில் லாக்ரிங் உள்ள நல்ல ஹப்புக்கும் கையால் கட்டிய சக்கரத்துக்கும் ஒதுக்குங்கள், பிறகு முன் பிரேக், பிறகு டயர். மிச்சத்தில் ஃபிரேம். சக்கர அச்சின் நட்டுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்க வேண்டும். லாக்ரிங்குக்குக் கொக்கி ஸ்பேனரும் ஒன்று வாங்கிவிடுங்கள், சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டினால் லாக்ரிங்கின் காதுகள் உடையும். முதல் இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு லாக்ரிங்கை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மிதிக்க மிதிக்க ஸ்ப்ராக்கெட் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறியிருக்கும், லாக்ரிங் தளர்ந்திருக்கும்.